ஒரு சட்டி மா, பத்தாயிரம் லீற்றர் தாங்கி

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சைவக் கடைகளில் விடியமுன்னரே தோசைக் கல் காயத் தொடங்கிவிடும். கல்லில் ஊற்றுகிற மா முதல்நாள் பின்னேரம் அரைத்தது. அரைத்து மூடி வைத்த பிறகு இரவு முழுவதும் அதில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஆனாலும் பாத்திரத்தில் அரைவாசிக்கு இருந்த மா காலையில் விளிம்பு வரை வந்து நிற்கிறது. புளிப்பும் மணமும் ஏறியிருக்கிறது. அகப்பையால் கிளறினால் குமிழ்கள் உடையும் சத்தம்கூடக் கேட்கும். அந்த இரவு வேலையைச் செய்தவை எவை, அதே வேலையை அவற்றிடம் ஒவ்வொரு நாளும் பிசகாமல் வாங்குவது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் பிரயோக நுண்ணுயிரியல். கள், சாராயம், பியர், வினாகிரி, யோகட், பாணுக்குப் போடும் ஈஸ்ட் என்று நொதித்தலை நம்பி நடக்கும் தொழில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படைப் படிப்பு இது.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல், அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். வீட்டு மாச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டால் தொழிற்சாலைத் தாங்கிக்குள் நடப்பது பெரும்பாலும் விளங்கிவிடும். சட்டியை வைத்து விளங்காத இடங்களும் சில உண்டு. படிப்பு உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

முதலில் சட்டிக்குள் யார் என்று பார்ப்போம். மா பொங்குவதற்கு ஈஸ்ட்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டைன்கிராஸ், முகர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ந்து 1965இல் 'அப்ளைட் மைக்ரோபயாலஜி' என்ற இதழிலேயே எழுதினார்கள். மாவைப் பொங்க வைப்பது லியூக்கோநொஸ்டொக் மெசென்டிராய்டிஸ் என்ற பற்றீரியா என்று அவர்கள் காட்டினார்கள். இதை யாரும் கடையில் வாங்கிப் போடுவதில்லை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. உளுந்து ஊறி, அரைபட்டு, ஈரமும் சீனியும் கிடைத்தவுடன் பெருகுகிறது. சீனியை உடைத்து இலத்திரிக்கமிலத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. அமிலத்தால் மா புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள் தங்கவும் வேண்டும். வெறும் அரிசி மாக் கரைசலில் குமிழ் மேலே வந்து உடைந்து போய்விடும். உளுந்தில் உள்ள ஒருவகைப் புரதம் நுரையை உண்டாக்குகிறது, அதிலுள்ள வழுவழுப்பான அரபினோகலக்டன் அந்த நுரையை உடையாமல் பிடித்து வைக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சுசீலம்மாவும் ராவும் 1970களில் இதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிசியைக் குறைத்து அவித்த கோதுமை மா கலந்து தோசை சுடுவது வழக்கம். வெந்தயத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டுவார்கள். உளுந்தை மட்டும் யாரும் கைவிட்டதில்லை. அந்த அனுபவ அறிவுக்கு மைசூர் ஆய்வு காரணம் சொல்லியது.

இரவு நடக்கும் வேலை ஒருவரோடு முடிவதுமில்லை. லியூக்கோநொஸ்டொக் தொடங்கி வைக்கிறது. அது விட்ட அமிலத்தில் அதற்கே பெருகுவது கடினமாகும்போது, அமிலத்தைக் கூடத் தாங்கும் என்டரோகொக்கஸும் பிறகு பீடியோகொக்கஸும் வந்து இன்னும் புளிக்க வைக்கின்றன. மாவின் பி.எச். அளவு ஆறுக்குக் கிட்டத்திலிருந்து நாலரை வரை இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் பல தலையெடுக்க முடியாது. கொதிக்க வைக்காத மா ஒரு இரவு முழுக்கக் கொழும்புப் புழுக்கத்தில் கிடந்தும் பழுதாகாததற்கு இந்த அமிலமே காவல்.

நேரக் கணக்கை இனிப் பார்க்கலாம். அரைத்த முதல் இரண்டொரு மணித்தியாலம் மாவில் எந்த மாற்றமும் தெரியாது. பற்றீரியா புது இடத்துக்குப் பழகி, தேவையான நொதியங்களைத் தயாரிக்கும் நேரம் அது. பிறகு இரட்டிக்கத் தொடங்கும். 10 முறை இரட்டித்தால் 1,024 மடங்கு. 20 முறை என்றால் பத்து இலட்சம் மடங்குக்கு மேல். நடுச்சாமத்துக்குப் பின் மா திடீரென்று ஏறுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். உணவு குறைந்து அமிலம் கூடியதும் பெருக்கம் நிற்கும், பிறகு சாவு தொடங்கும். பாடப் புத்தகத்தில் நான்கு பகுதியாக வரைந்திருக்கும் வளர்ச்சி வளையி இதுதான். தொழிற்சாலையில் அந்த முதல் இரண்டு மணித்தியாலம் சும்மா கிடக்கும் தாங்கி, வீணாகும் மின்சாரம், கூலி. அதனால் அதைச் சுருக்கப் பார்ப்பார்கள்.

சுருக்கும் வழியை எங்கள் அடுப்படி எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. "மழைக் குளிராக் கிடக்குது பிள்ளை, பழைய மாவிலை ஒரு அகப்பை கூடப் போடு" என்று அம்மம்மா சொல்வாரே, அதுதான் வழி. ஏற்கெனவே பழகி, வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் புது மாவுக்குள் விட்டால் தயக்கம் குறைகிறது. தொழிற்சாலையும் இதையே படிப்படியாகச் செய்கிறது. உறைநிலையில் வைத்த சிறு குப்பியிலிருந்து ஒரு குடுவைக்கு, குடுவையிலிருந்து சிறு தாங்கிக்கு, அங்கிருந்து பெருந்தாங்கிக்கு. ஒவ்வொரு படியிலும் அடுத்ததின் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சில வேளை அதிலும் குறைவு. எந்த மணித்தியாலத்தில் எடுத்து மாற்றுவது என்பதே இதில் பெரிய கலை. பெருக்கம் உச்ச வேகத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டும். களைத்த பிறகு எடுத்தால் பெருந்தாங்கியும் களைத்தே தொடங்கும்.

வெப்பநிலை விடயத்தில் கொழும்பு கொடுத்து வைத்த ஊர். ஆண்டு முழுவதும் இரவிலும் 25 பாகைக்கு அருகிலேயே நிற்பதால் மாவுக்கு நேரம் பிந்துவது அரிது. அதே மாவை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் மறுநாள் மதியம் வரை பார்த்திருக்க நேரும். ஆனால் அந்தக் குளிர்தான் 1881இல் அங்கே பியர் ஆலை தொடங்கியவர்களுக்கு வசதியாக அமைந்தது. லாகர் பியருக்கான மதுவம், அதாவது ஈஸ்ட், குளிரில் மெதுவாக வேலை செய்தால்தான் சுவை தெளிவாக வரும். எந்த உயிரிக்கு எந்த வெப்பநிலை என்று தெரிந்தவர் இன்று குளிரூட்டியை வைத்து எந்த ஊரிலும் நுவரெலியாவை உண்டாக்கலாம். பியர் உற்பத்தி பின்னாளில் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கி வர முடிந்தது அதனால்தான்.

சட்டியில் பல இன உயிரிகள் கலந்து கிடக்கின்றன. வீட்டுக்கு அது நல்லது. நேற்றைக்கும் இன்றைக்கும் சுவை சற்று வேறுபட்டால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. போத்தலில் அடைத்து விற்கும் தொழிலுக்கு அது ஒத்துவராது. இந்த இடத்தில்தான் தனி வளர்ப்பு என்ற எண்ணம் வருகிறது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆலையின் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பியர் கெட்டுப்போவதற்குக் காட்டு மதுவங்களின் கலப்பே காரணம் என்று கண்டார். ஒரேயொரு கலத்திலிருந்து பெருக்கிய மதுவத்தைக் கொண்டு 1883இல் அங்கே பியர் வடித்தார்கள். இன்றைய நொதித்தல் தொழில் முழுவதும் அந்த ஒற்றைக் கலத்தின் வழியில் வந்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒற்றைக் கலத்தின் வாரிசுகளைப் பிரித்தெடுக்கத் தட்டு வேண்டும். தட்டில் உறைந்து நிற்கும் ஊடகம் வேண்டும். ஜெலற்றின் உடல் வெப்பத்தில் உருகிவிடும், சில பற்றீரியா அதைத் தின்றும்விடும். 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் றொபேட் கோக்கின் ஆய்வுகூடத்துக்கு அகாரைச் சொல்லிக் கொடுத்தவர் பானி ஹெசே என்ற பெண்மணி. வீட்டில் ஜெலி செய்ய அதைப் பயன்படுத்தியவர். யாவாவில் வாழ்ந்து வந்த ஒரு குடும்பத்திடமிருந்து அதை அறிந்தவர். நோன்பு காலத்தில் கொழும்பில் வெட்டி வைக்கும் கடற்பாசி ஜெலியும் ஆய்வுகூட அகாரும் ஒரே பொருள்தான். புத்தளம் களப்பில் விளையும் பாசி 'இலங்கைப் பாசி' என்ற பெயரில் உலகத் தாவரவியல் நூல்களில் இடம்பெற்றது. இதை ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். தட்டைக் கையில் எடுக்கும்போது அது எங்கோ தொலைவிலிருந்து வந்த பொருளாகத் தோன்றாது.

முதலாண்டுச் செய்முறை ஒன்றைக் கிட்ட நின்று பார்ப்போம். ஒரு கிராம் புளித்த மாவை 9 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரில் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மில்லிலீற்றர் எடுத்து அடுத்த 9 மில்லிலீற்றருக்குள் விட வேண்டும். இப்படி ஆறு முறை. கடைசிக் குழாயிலிருந்து பத்தில் ஒரு மில்லிலீற்றரைத் தட்டில் பரப்பி, 30 பாகையில் இரண்டு நாள் வைத்தால் புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் முளைக்கும். 50 எண்ணினால் அந்த ஒரு கிராம் மாவில் ஏறக்குறைய 50 கோடி உயிர்க் கலங்கள் இருந்தன என்று பொருள். அதே மாவைச் சீனி கூடிய அகாரில் கீறிவிட்டால் லியூக்கோநொஸ்டொக் தன்னை மறைக்க முடியாது. அதன் கூட்டங்கள் மினுமினுத்து, கோழை போல, ஊசியால் தொட்டால் நூலாக இழுபடும். சீனியிலிருந்து அது கட்டும் டெக்ஸ்திரன் அது. தோசைக்கு உயிர் கொடுக்கும் இதே பற்றீரியா சீனி ஆலையில் கரும்புச் சாற்றுக்குள் புகுந்தால் குழாய்களை அடைத்துவிடும். அதே டெக்ஸ்திரனைத் துப்புரவாக்கி, குருதி இழந்தவர்களுக்கு ஏற்றும் திரவமாகவும் மருத்துவம் பயன்படுத்தியிருக்கிறது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துப் படித்ததை இந்தப் பாடம் முதல் மாதத்திலேயே கலைத்துவிடும்.

இலங்கைக்கென்றே உரிய பெரிய நொதித்தல், கள். தென்னம்பாளை சீவி முட்டியில் விழும் இனிப்புச் சாறு, இறக்கி முடிப்பதற்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும். அற்புதராஜா, விதானபத்திரன, சமரஜீவ ஆகிய மூவரும் 1986இல் 'பூட் மைக்ரோபயாலஜி' இதழில் எழுதிய ஆய்வு, தென்னங்கள் மூன்று கட்டமாகப் புளிக்கிறது என்று காட்டியது. முதலில் இலத்திரிக்கமிலம், நடுவில் மதுசாரம், கடைசியில் அசற்றிக்கமிலம். எட்டுச் சாதிகளைச் சேர்ந்த 17 மதுவ இனங்களை அதில் பிரித்தெடுத்தார்கள். சாராய வடிசாலைக்கு நடுக்கட்டம் வேண்டும், வினாகிரிக்காரருக்குக் கடைசிக் கட்டம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் குடிக்கிறவருக்கு எந்தக் கட்டமும் வேண்டாம். அதனால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அமிலத்துக்குப் பழகிய உயிரிகள் அந்தக் காரத்தில் முடங்கிவிடும், இனிப்பு அப்படியே நிற்கும். பனை உச்சியில் ஒரு விரல் சுண்ணாம்பால் செய்யும் இந்தக் கட்டுப்பாட்டைத் தொழிற்சாலையில் பி.எச். மானியும் தானாகத் திறக்கும் வால்வும் செய்கின்றன.

இனி, மாச் சட்டியை வைத்து விளங்காத இடம். பத்து லீற்றர் சட்டியை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் பத்து மடங்கு பெருப்பித்தால் பத்தாயிரம் லீற்றர் தாங்கி கிடைக்கும். கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடுகிறது, வெளிப்புறப் பரப்பு நூறு மடங்குதான் கூடுகிறது. புளிக்கும் ஒவ்வொரு லீற்றரும் வெப்பத்தை விடுகிறது. சட்டி அந்த வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். மா சூடேறியதை யாரும் உணர்ந்ததில்லை. தாங்கியிலோ ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. குளிர்நீர்ச் சுருள் வைக்காவிட்டால் மதுவம் தன் சூட்டிலேயே சாகும். வாயுவும் அப்படியே. ஒரு கிலோ குளுக்கோசு மதுசாரமாகும்போது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காபனீரொட்சைட்டு வெளியேறும், இடத்தைப் பிடித்தால் 270 லீற்றருக்கு மேல். காற்றைவிடப் பாரமான வாயு அது. வெறுமையாக்கிய தாங்கியின் அடியிலும் தேங்கி நிற்கும். அளந்து பார்க்காமல் உள்ளே இறங்கியவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கணிதமும் பௌதிகவியலும் வேண்டாம் என்று உயிரியல் பக்கம் வருகிற பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் பரப்பும் கொள்ளளவும் ஆளைக் காப்பாற்றும் கணக்கு.

ஒட்சிசன் அடுத்த சிக்கல். மா காற்றைத் தேடுவதில்லை. பாணுக்கு ஈஸ்ட் தயாரிப்பவருக்குக் காற்றே முதல். காற்றோடு வளர்ந்தால் 100 கிராம் சீனியிலிருந்து ஏறக்குறைய 50 கிராம் உலர்ந்த மதுவம் பெறலாம். காற்றில்லாமல் பத்துக் கிராம் வந்தால் பெரிய காரியம், மிச்சமெல்லாம் மதுசாரமும் காபனீரொட்சைட்டுமாகிவிடும். ஆனால் 30 பாகையில் ஒரு லீற்றர் நீரில் கரையும் ஒட்சிசன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். அடர்த்தியாக வளர்ந்த மதுவம் அதைச் சில விநாடிகளில் தீர்த்துவிடும். ஆகவே ஓயாமல் காற்றை ஊத வேண்டும், துடுப்பால் அதைச் சிறு குமிழ்களாக உடைக்க வேண்டும். சீனியையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. கூடிய சீனி கண்டால் காற்று இருந்தும் மதுவம் மதுசாரம் செய்யப் போய்விடும். கழிவுப்பாகை மதுவம் தின்கிற வேகத்துக்கே அளந்து விடுவார்கள். வினாகிரிப் பற்றீரியா இன்னும் மென்மையானது. அமிலம் கூடிய தாங்கியில் காற்றோட்டம் சிறிது நேரம் நின்றாலும் கூட்டமாகச் செத்துவிடும். மின்வெட்டு அடிக்கடி வரும் நாட்டில் வினாகிரி ஆலைக்கு மின்பிறப்பாக்கி ஏன் அத்தனை அவசியம் என்பது இதிலிருந்து தெரியும்.

துப்புரவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 121 பாகை நீராவியில் 15 நிமிடம் என்ற ஆய்வுகூட விதி எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது வைரசு. 1935இல் நியூசிலாந்தில் வைற்ஹெட்டும் கொக்ஸும், பாற்கட்டிக்கான பற்றீரியா திடீரென்று வேலை நிறுத்துவதற்குப் பற்றீரியாவைத் தாக்கும் வைரசே காரணம் என்று கண்டார்கள். அன்றிலிருந்து பாலாலைகள் ஒரே குலவகையைத் தொடர்ந்து பாவிப்பதில்லை. மாற்றி மாற்றிப் போடுகின்றன. கலப்பாகக் கிடக்கும் மாச் சட்டிக்கு இந்த ஆபத்து குறைவு. ஒன்று விழுந்தாலும் இன்னொன்று எழுந்து வேலையை முடிக்கும். ஒரு வைரசுக்கே ஆலை முழுவதும் விழுவது தூய்மையால் வந்த பலவீனம். நான் இந்தப் பாடத்தில் மிகவும் மதிக்கும் அறிவும் இதுவே.

தொழில் என்றதும் சாராயமும் பியரும் மட்டுமே மனதில் வருவதால் சில பெற்றோர் தயங்குகிறார்கள். வெள்ளவத்தைக் கடையொன்றின் அலுமாரியை ஒருமுறை பார்க்கட்டும். யோகட் இரண்டு பற்றீரியா சேர்ந்து ஏறக்குறைய 42 பாகையில் செய்தது. ஜாமுக்குப் போடும் சித்திரிக்கமிலம் பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கரும் பூஞ்சணம் தருவது. சோயா சோஸ், அஜினோமோட்டோ, சலவைத் தூளில் கறை நீக்கும் நொதியம் எல்லாம் தாங்கியில் பிறந்தவை. பக்கத்து மருந்துக்கடையில் இன்சுலினும் விற்றமின் பி12ம் அப்படியே.

படிக்க இடமும் தூரத்தில் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்குத் தனித் துறையே உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைத் தாண்டினால் போதும். கொழும்பு 7இல் 1955இல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகமாகத் தொடங்கிய இன்றைய கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் உணவு ஆய்வுகூடங்கள் நடத்துகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனப் பேராசிரியர் வசந்தி அரசரட்ணம் நொதியங்களையும் நொதித்தலையும் நீண்ட காலம் ஆராய்ந்தவர். பின்னர் அங்கே துணைவேந்தராகவும் இருந்தார். தமிழில் உயர்தரம் படித்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் முதல் ஆண்டு கடினமானதுதான். நடக்கும் காரியத்தைச் சட்டியில் பார்த்து விளங்கியவருக்குப் புதுப் பெயர்கள் ஒட்டிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

இறுதியாண்டு ஆய்வுக்கு விடயம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல ஆண்டாக ஒரே பழைய மாவிலிருந்து புது மாவுக்கு அகப்பை மாற்றி வரும் வீடுகளையும் கடைகளையும் கேட்டறிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வாங்குங்கள். அரிசி மா, கோதுமை மா என்று பிரித்து எழுதுங்கள். அப்பச்சோடா போடுகிற வீட்டைத் தனியாகக் குறியுங்கள். மேலே சொன்னபடி தட்டில் பரப்பி, கூட்டங்களைப் பிரித்து, எது வேகமாக வாயு விடுகிறது, எது குளிர்பெட்டியில் ஒரு கிழமை கிடந்தும் மறுபடி எழுகிறது என்று சோதியுங்கள். தேறிய குலவகைகளைக் கிளிசரோலில் கலந்து, தெருவின் பெயரும் திகதியும் எழுதி, மறை 80 பாகையில் வையுங்கள். பைக்கற்றில் அடைத்த தோசை மா விற்பவருக்குத் தினமும் ஒரே மாதிரி எழும்பும் தொடக்க வளர்ப்பு ஒன்று வேண்டும். அது அந்தக் குப்பிகளில் ஒன்றிலிருந்து வரலாம்.